தூய வளர்ப்புக்குள் ஒரு துணையுயிர்: பூச்சிகளின் ஒருசெல் ஒட்டுண்ணிகளில் கூட்டுயிர் பாக்டீரியா அறியப்பட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பூச்சிகளின் குடலில் வாழும் டிரிப்பனோசோமாட்டிட் வகை ஒருசெல் ஒட்டுண்ணிகளுள் சில, தம் உடலுக்குள் ஒரு பாக்டீரியாவை நிலையாகக் கொண்டுள்ளன. இவ்வுண்மை அறியப்பட்ட வரலாற்றை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அண்மைக்காலம் வரை இக்கட்டுரை தொகுத்து ஆராய்கிறது. இக்கண்டுபிடிப்பு நுண்ணோக்கியின் முன்னேற்றத்தால் மட்டும் விளைந்ததன்று. ஒட்டுண்ணியின் உணவுத் தேவை குறித்த வினாக்களே அதற்கு வழியமைத்தன என்பதும், ‘தூய வளர்ப்பு’ என்ற ஆய்வுக்கூடக் கருத்தாக்கம் அவ்வுண்மையை நெடுங்காலம் மறைத்து வைத்தது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

திறவுச் சொற்கள்: அறிவியல் வரலாறு, டிரிப்பனோசோமாட்டிட், கூட்டுயிர் வாழ்வு, தூய வளர்ப்பு, ஹீம், ஸ்ட்ரிகோமோனாஸ், ஆங்கோமோனாஸ்

முன்னுரை

ஓர் உயிரியை ஆராய்வதற்கு அதனைப் பிற உயிர்களிடமிருந்து பிரித்துத் தனியே வளர்க்க வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுண்ணுயிரியல் வகுத்துக்கொண்ட அடிப்படை விதி. ராபர்ட் கோக்கின் காலத்திலிருந்து நோய்க்காரணி பற்றிய வாதங்கள் யாவும் இவ்விதியையே சார்ந்து நின்றன. வளர்ப்புக் குழாயில் ஒரே ஓர் உயிரினம் மட்டும் இருந்தால்தான், அங்கு நிகழ்வனவற்றை அவ்வினத்தின் இயல்பாகக் கூற இயலும்.

இவ்விதி தன் வரம்பை எட்டிய இடங்களுள் ஒன்று பூச்சிகளின் குடலில் வாழும் கசையுயிரிகளின் ஆய்வு. உறக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமாவும் காலா அசார் நோயை உண்டாக்கும் லீஷ்மேனியாவும் அடங்கிய டிரிப்பனோசோமாட்டிடே குடும்பத்தில், பூச்சிகளை மட்டுமே ஓம்புயிரியாகக் கொண்ட இனங்கள் பல உள்ளன. அவை மனிதனுக்குத் தீங்கு செய்வதில்லை, எளிதில் வளர்க்கத்தக்கவை. ஆகவே நோயுண்டாக்கும் உறவினங்களை அறிவதற்கான மாதிரி உயிரிகளாக அவை பயன்பட்டன. அவ்வாறு பயன்பட்ட ஓரினத்தின் உடலுக்குள் ஒரு பாக்டீரியா இருந்தது. அதனை அறியாமலேயே பல்லாண்டுகள் அதன் இயல்புகள் அளந்து எழுதப்பட்டன. அறியாமை எவ்வாறு நிலைத்தது, எவ்வாறு நீங்கியது என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள்.

காலா அசாரும் பூச்சிகளின் குடலும்

இக்கசையுயிரிகளின் மீது மருத்துவ உலகின் பார்வை திரும்பியதற்குக் காலா அசார் ஒரு முதன்மைக் காரணம். 1903ஆம் ஆண்டு வில்லியம் லீஷ்மன் இங்கிலாந்திலும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் இந்தியாவிலும் மண்ணீரல் திசுவில் ஒரே நுண்ணுயிரியைத் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டனர். ரொனால்டு ராஸ் அதற்கு லீஷ்மேனியா டோனவனி என்ற பெயரை வழங்கினார். அடுத்த ஆண்டிலேயே லியோனார்டு ராஜர்ஸ் அவ்வுயிரி வளர்ப்பில் கசையிழையுடைய வடிவமாக மாறுவதைக் காட்டினார். உடலுக்குள் கசையற்றதும் வெளியே கசையுடையதுமான ஓர் உயிரி, ஏதோ ஒரு பூச்சியின் வழியே பரவக்கூடும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

எந்தப் பூச்சி என்ற தேடலில் பல பூச்சிகளின் குடல்கள் ஆராயப்பட்டன. சென்னையில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பேட்டன் 1907இல் மூட்டைப்பூச்சியைக் கடத்தியாகக் கருதி அறிக்கை வெளியிட்டார். 1908இல் நீர்ப்பரப்பின் மேல் நடக்கும் பூச்சி ஒன்றின் குடலில் வாழும் கிரித்திடியா இனத்தின் வாழ்க்கைச் சுழற்சியை விவரித்தார். நோய்க்கடத்தி மணல் ஈ என்பது 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோரின் ஆய்வால் உறுதிப்பட்டது. மூட்டைப்பூச்சிக் கருதுகோள் வீழ்ந்தபோதிலும், அத்தேடல் பூச்சிகளுக்கே உரிய கசையுயிரிகளைத் தனி ஆய்வுப்பொருளாக நிலைநிறுத்திவிட்டது.

இதே காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகனில் பிரெடெரிக் நோவியும் அவருடைய உடனாய்வாளர்களும் கொசுக்களிலும் பிற பூச்சிகளிலும் வாழும் கசையுயிரிகளை விவரித்து 1907இல் வெளியிட்டனர். கொசுவிலிருந்து அவர்கள் விவரித்த இனம் பின்னர் பிளாஸ்டோகிரித்திடியா குலிசிஸ் என வழங்கிற்று. 1926இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சார்ந்த ஹிதேயோ நொகுச்சியும் ஈவ்லின் டில்டனும் பூச்சிகளிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் பெற்ற கசையுயிரிகளை லீஷ்மேனியாவோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பாற்செடிகளை உண்ணும் ஓங்கோபெல்டஸ் பூச்சியின் பெயரால் அவர்கள் விவரித்த ஹெர்பெட்டோமோனாஸ் ஓங்கோபெல்டி என்ற இனமே இவ்வரலாற்றின் மையப்பொருள். கொசுவின் இனமும் பாற்செடிப் பூச்சியின் இனமும் உள்ளுறையும் பாக்டீரியாவைக் கொண்டவை என்பதை இவ்வாய்வாளர்கள் எவரும் அறிந்திருக்கவில்லை.

உணவுத் தேவை என்னும் அளவுகோல்

1930களில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆந்த்ரே லுவோஃப், மார்கரித் லுவோஃப் இணையர் கசையுயிரிகளின் உணவுத் தேவையை முறைப்படி ஆராயத் தொடங்கினர். 1931இல் ஸ்ட்ரிகோமோனாஸ் என்ற பேரினத்தை நிறுவி, ஓங்கோபெல்டி இனத்தை அதில் சேர்த்தவர்களும் அவர்களே. இக்குடும்பத்து உயிரிகளை வளர்க்கக் குருதி தேவைப்படுவது ஏன் என்பது அவர்களுடைய வினாக்களுள் ஒன்று. குருதியிலுள்ள ஹீம் என்ற இரும்புச் சேர்மத்தைத் தாமே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் இவ்வுயிரிகளுக்கு இல்லாமையே காரணம் என்று மார்கரித் லுவோஃப் நிறுவினார். சுவாசத்திற்கு இன்றியமையாத சைட்டோகுரோம்களின் ஆக்கத்திற்கு ஹீம் தேவை என்பதால் இம்முடிவு அடிப்படையானது.

ஆனால் ஓங்கோபெல்டி இனம் இதற்கு விலக்காக அமைந்தது. அது ஹீம் இன்றியே வளர்ந்தது. ஆந்த்ரே லுவோஃப் 1940களில் விரித்துரைத்த கோட்பாட்டின்படி, நுண்ணுயிரிகளின் உடலியங்கியல் பரிணாமம் ஆக்கத் திறன்கள் படிப்படியாக இழக்கப்படும் வரலாறாகும். உணவு எளிதில் கிடைக்கும் ஒட்டுண்ணி வாழ்வில், தானே ஆக்கிக்கொள்ளும் திறன் தேவையற்றதாகி மறைகிறது. இக்கோட்பாட்டின் ஒளியில் நோக்கும்போது, ஓங்கோபெல்டி தன் உறவினங்கள் இழந்த திறனை இன்னும் இழக்காத இனம் என்றே பொருள் கொள்ள இடமிருந்தது.

அவதானிப்பு முற்றிலும் சரியானது. கோட்பாடும் இக்குடும்பத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியானது. எனினும் இரண்டையும் இணைத்துப் பெறத்தக்க முடிவு உண்மைக்குப் புறம்பானது. ஓங்கோபெல்டியும் அத்திறனை இழந்திருந்தது. அவ்விழப்பை வேறோர் உயிர் ஈடுசெய்தது. குழாயில் உள்ளது ஓருயிர் என்ற முன்முடிவு இருக்கும்வரை இவ்விரண்டாம் விளக்கத்திற்கு இடமே இல்லை.

கண்ணில் பட்டதும் பொருள் கொண்டதும்

1950களில் கேம்பிரிட்ஜில் பி. ஏ. நியூட்டன் இவ்வினத்தை விரிவாக ஆராய்ந்தார். 1956இல் இதற்கென முழுதும் வேதிப்பொருள்களால் ஆன செயற்கை வளர்ப்பு ஊடகத்தை வெளியிட்டார். ஏனைய உறவினங்களுக்குப் பல அமினோ அமிலங்களும் ஹீமும் இட வேண்டியிருக்க, இவ்வினம் மிக எளிய ஊடகத்தில் வளர்ந்தது. ஆய்வாளருக்கு இது பெருவசதி. எளிதாக வளர்வதாலேயே அது மாதிரி உயிரியாகத் தேர்ந்துகொள்ளப்பட்டது. எளிதாக வளர்ந்ததற்குக் காரணமோ அது தன் உறவினங்களைப் போன்றதன்று என்பதே. மாதிரி உயிரியின் சிறப்பே அதன் மாதிரித்தன்மையைக் கெடுத்தது என்பது கருதத்தக்கது.

1957இல் நியூட்டனும் ஆர். டபிள்யூ. ஹார்னும் இவ்வினத்தின் உள்ளமைப்புகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையோடு ஆராய்ந்து வெளியிட்டனர். சைட்டோபிளாசத்தில் தெளிவாகத் தெரிந்த உடல்களை அவர்கள் ரைபோநியூக்ளியோபுரதம் கொண்ட அமைப்புகளாக அறிமுகப்படுத்தினர். ‘இருமுனை உடல்’ என்ற பெயர் அவற்றுக்கு வழங்கலாயிற்று. இப்பெயர் வடிவத்தைக் கூறுகிறதே அன்றி, அது செல்லின் உறுப்பா வேற்றுயிரா என்பதைக் கூறவில்லை.

இந்நிலை இவ்வினத்திற்கு மட்டும் உரியதன்று. பாரமீசியத்தில் டி. எம். சோன்போர்ன் ஆராய்ந்த ‘கப்பா’ துகள், 1940களில் சைட்டோபிளாச மரபுக்கூறாகவே முதலில் விளக்கப்பட்டது. அது பாக்டீரியா என்பது பின்னரே ஏற்கப்பட்டது. செல்லுக்குள் காணப்படுவது செல்லுக்கே உரியது என்ற எண்ணம் அக்காலத்தில் வலுவாக இருந்ததை இரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. சிறந்த நுண்ணோக்கி கிடைத்திருந்தால் கூட்டுயிரி முன்பே அறியப்பட்டிருக்கும் என்ற வாதம் இங்குப் பொருந்தவில்லை. கருவி இருந்தது, பொருளும் கண்ணில் பட்டது, அதனை வேற்றுயிராகக் காட்டும் வினா இன்னும் எழவில்லை.

லைசின் காட்டிய வழி

அவ்வினா வேறொரு துறையிலிருந்து வந்தது. லைசின் என்ற அமினோ அமிலத்தை உயிரிகள் இரு வேறு பாதைகளில் ஆக்குகின்றன. பாக்டீரியாக்களும் தாவரங்களும் டைஅமினோபிமெலிக் அமிலத்தின் வழியாகவும், பூஞ்சைகள் பெரும்பாலும் அமினோஅடிபிக் அமிலத்தின் வழியாகவும் அதனை ஆக்குகின்றன. இவ்வேறுபாட்டை உயிரினங்களின் இன உறவை அறியும் சான்றாகக் கொண்டு ஆராய்ந்தவர் ஹென்றி வோகல். அவரும் ஜே. டபிள்யூ. கில்லும் 1962இல் ஓங்கோபெல்டி இனத்தை ஆராய்ந்தபோது, பாக்டீரியாவுக்குரிய பாதையை அங்குக் கண்டனர்.

இதனை இரு வகையில் விளக்கலாம். கசையுயிரிகளின் இன உறவை மாற்றி எழுதுவது ஒரு வழி. அப்பாதை கசையுயிரிக்கு உரியதன்று, அதனுள் உறையும் வேற்றுயிருக்கு உரியது எனக் கொள்வது மற்றொரு வழி. கில்லும் வோகலும் இரண்டாவதைத் தேர்ந்தனர். 1963இல் வெளிவந்த அவர்களுடைய விரிவான கட்டுரை, இருமுனை உடல்களையே பாக்டீரியக் கூட்டுயிரியாக உயிர்வேதியியல் சான்றுகளோடும் உருவியல் சான்றுகளோடும் முன்வைத்தது. அதே ஆண்டில் ஜூலியஸ் மார்மரும் வோகலும் பிறரும் இவ்வினத்தில் பாக்டீரியாவுக்குரியதெனக் கொள்ளத்தக்க தனி டி.என்.ஏ. வகை இருப்பதை வெளியிட்டனர். ஊட்டம், நொதி, வடிவம், மரபுப்பொருள் ஆகிய நான்கும் ஒரே முடிவை நோக்கிச் சென்றன.

செல்லுறுப்புகளின் தோற்றத்தைக் கூட்டுயிர் வாழ்வால் விளக்கிய லின் மார்குலிஸின் புகழ்பெற்ற கட்டுரை 1967இல்தான் வெளிவந்தது என்பதையும் இங்கு ஒப்பிட்டு நோக்க வேண்டும். பூச்சி ஒட்டுண்ணியின் கூட்டுயிரி, பெரிய கோட்பாடு ஒன்றுக்கு எடுத்துக்காட்டாகத் தேடிக் காணப்பட்டதன்று. ஓர் அமினோ அமிலத்தின் ஆக்கப் பாதை எதிர்பாராத இடத்தில் தென்பட்டதன் விளைவாக வெளிப்பட்டது.

பிரித்துப் பார்த்த சோதனைகள்

கூட்டுயிரி இருப்பதாகக் கூறுவது வேறு. அது செய்யும் பணியை நிறுவுவது வேறு. பின்னதற்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1970களில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் குவாங்-பூ சாங் இப்பணியை மேற்கொண்டார். மலேரியா ஒட்டுண்ணியின் தொடர் வளர்ப்பை 1976இல் சாதித்த வில்லியம் டிரேகரோடு இணைந்து, 1974இல் ஓங்கோபெல்டி, குலிசிஸ் ஆகிய இரு இனங்களிலும் பாக்டீரியாவின் ஊட்டப் பயனை அவர் வெளியிட்டார். குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர் எதிர்மருந்து பாக்டீரியாவை நீக்கியது, கசையுயிரி உயிர்தரித்தது. ஆனால் அதன் வளர்ச்சி குன்றியது. முன்பு தேவைப்படாத ஊட்டப்பொருள்கள் தேவைப்பட்டன. அவற்றுள் ஹீமும் ஒன்று.

1975இல் சாங், கிறிஸ்டின் சாங், ஷிகெரு சஸ்ஸா ஆகிய மூவரும் ஹீம் ஆக்கத்திற்கான நொதிகளில் ஓம்புயிரிக்குள்ள குறைபாட்டையும், கூட்டுயிரி அக்குறையை நிரப்புவதையும் நேரடியாகக் காட்டினர். லுவோஃப் இணையரின் காலத்து விலக்கு இவ்வாறு விளக்கம் பெற்றது. விலக்காகத் தோன்றிய இனமும் குடும்ப விதிக்கு உட்பட்டதே. விதியை மறைத்தது கூட்டுயிரி. இவ்விடத்தில் புதிய ஆய்வு பழைய அவதானிப்பை மறுக்கவில்லை. அதன் எழுவாயை மட்டுமே மாற்றியது. ‘இவ்வினம் ஹீம் ஆக்குகிறது’ என்ற தொடர் ‘இவ்விணை ஹீம் ஆக்குகிறது’ எனத் திருத்தம் பெற்றது.

பிரேசில் ஆய்வுகளும் வகைப்பாட்டின் திருத்தமும்

இதே ஆண்டுகளில் ஆய்வின் களம் பிரேசிலுக்கு விரிந்தது. பிற பூச்சிகளைப் பிடித்துண்ணும் ஜெலஸ் லியூகோகிராம்மஸ் என்ற பூச்சியிலிருந்து பெற்ற இனம் 1973இல் கிரித்திடியா டீனியை என விவரிக்கப்பட்டது. 1974இல் முன்டிம், ராய்ட்மன் முதலியோர் அதன் எளிய உணவுத் தேவையையும் கூட்டுயிரியையும் ஒருங்கே வெளியிட்டனர். கூட்டுயிரி நீக்கப்பட்ட வடிவத்திற்குக் கூடுதல் ஊட்டம் தேவைப்படுவதை 1977இல் முன்டிமும் ராய்ட்மனும் காட்டினர். எளிய உணவுத் தேவை இப்போது கூட்டுயிரி இருப்பதற்கான அடையாளமாகவே படிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் வசதியாக மட்டும் கருதப்பட்ட ஒரு பண்பு சான்றாக மாறியதை இங்குக் காண்கிறோம்.

1977இல் எர்னி கமார்கோவும் ஃப்ரைமுல்லரும் ஆர்னிதின் கார்பமாயில்டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதியைக் கூட்டுயிரியே வழங்குவதாக நிறுவினர். ஆர்னிதின், ஆர்ஜினின் வளர்சிதை மாற்ற நொதிகள் இக்குடும்பத்துப் பேரினங்களைப் பிரித்தறியும் அளவுகோலாகவும் பயன்பட்டமையால், இம்முடிவு வகைப்பாட்டையும் தொட்டது. ஓர் இனத்தின் அடையாளமாகக் கொண்ட நொதி அவ்வினத்துக்கே உரியதா என்று இனிக் கேட்க வேண்டியதாயிற்று. 1981இல் இவ்விருவரும், கூட்டுயிரி கொண்ட இனங்கள் செல்லின் நுண்ணமைப்பிலும் ஏனையவற்றினின்று ஒருசேர வேறுபடுவதைக் காட்டினர்.

இருப்பினும் பெயரளவில் இவை வெவ்வேறு பேரினங்களில் சிதறியே கிடந்தன. கசையிழை தோன்றும் இடம், செல்லின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு அமைந்த பழைய பகுப்பில் சில கிரித்திடியாவாகவும் ஒன்று பிளாஸ்டோகிரித்திடியாவாகவும் இருந்தன. 1994இல் டூ, மாஸ்லவ், சாங் ஆகியோர் இவற்றின் பாக்டீரியாக்கள் பீட்டாபுரோட்டியோபாக்டீரியா பிரிவில் ஒரே மூதாதையிலிருந்து தோன்றி, ஓம்புயிரிகளோடு இணைந்தே பரிணமித்தவை என்று கூறினர். கக்குவான் இருமலை உண்டாக்கும் இனம் அடங்கிய போர்டெடெல்லா பேரினம் இவற்றுக்கு நெருங்கிய உறவு. 2011இல் டெய்க்ஸீராவும் கமார்கோவும் உடனாய்வாளர்களும் ஆங்கோமோனாஸ், ஸ்ட்ரிகோமோனாஸ் என்ற இரு பேரினங்களை இன உறவுச் சான்றுகளால் உறுதிப்படுத்தினர். கிரித்திடியா டீனியை, ஆங்கோமோனாஸ் டீனியை ஆயிற்று. கொசுவின் இனமும் பாற்செடிப் பூச்சியின் இனமும் ஸ்ட்ரிகோமோனாஸில் சேர்ந்தன. 1931இல் லுவோஃப் இணையர் இட்ட பெயர் எண்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டது. ஆனால் அப்பெயரின் பொருள் இப்போது கூட்டுயிரியையும் உள்ளடக்கியது. 2014இல் பிலிப்பைன்ஸில் இறைச்சி ஈயிலிருந்து பெற்ற கென்டோமோனாஸ் பேரினத்தோடு சேர்த்து, ஸ்ட்ரிகோமோனாடினே என்ற துணைக்குடும்பம் வகுக்கப்பட்டது.

உறவின் இருவேறு நிலைகள்

ஓரினச் செல் ஒன்றுக்குள் ஒரே பாக்டீரியா இருப்பது இத்துணைக்குடும்பத்தின் இயல்பு. ஓம்புயிரி பிரியும்போது பாக்டீரியாவும் ஒத்திசைந்து பிரிந்து, சேய்ச்செல் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாகச் சேர்வதை மரியா கிறிஸ்தினா மோட்டாவின் குழு 2010இல் ஆங்கோமோனாஸில் விவரித்தது. 2013இல் வெளிவந்த மரபணுத்தொகை ஆய்வுகள், இப்பாக்டீரியாக்களின் மரபணுத்தொகை சுமார் 8 இலட்சம் கார இணைகளாகச் சுருங்கியிருப்பதைக் காட்டின. போர்டெடெல்லா பெர்டூசிஸின் அளவோ 40 இலட்சத்துக்கும் மேல். அமினோ அமிலங்கள், வைட்டமின்கள், ஹீம் ஆகியவற்றை ஆக்கும் மரபணுக்கள் பெருமளவு எஞ்சியிருந்தன. 2023இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃபைச் சார்ந்த ஏவா நோவாக்கின் குழு, ஓம்புயிரி ஆக்கும் டைனமின் வகைப் புரதம் ஒன்று பாக்டீரியா பிரியுமிடத்தில் வளையமாகச் சூழ்வதை வெளியிட்டது. உள்ளுறையும் உயிரின் பிரிவில் ஓம்புயிரியின் கை இருப்பதற்கு இது சான்று.

2016இல் ஈக்வடாரின் எஸ்மெரால்டாஸ் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட நோவிமோனாஸ் எஸ்மெரால்டாஸ் மற்றொரு நிலையைக் காட்டுகிறது. இதன் பாக்டீரியா பண்டோரேயா பேரினத்தைச் சார்ந்தது, முன்னவற்றினின்று வேறானது. செல்லுக்குச் செல் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை மாறுபடுகிறது. மரபணுத்தொகை ஏறத்தாழ 11.6 இலட்சம் கார இணைகள் கொண்டது. எனவே டிரிப்பனோசோமாட்டிடுகளுக்குள் இவ்வுறவு குறைந்தது இருமுறை தனித்தனியே தோன்றியுள்ளது. ஒன்று முதிர்ந்தது, மற்றொன்று இளையது.

தூய வளர்ப்பு என்னும் கருத்தாக்கம்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து அறிவியல் வரலாற்று ஆய்வாளர் கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, தூய வளர்ப்பு என்பது இயற்கையில் உள்ள நிலையன்று. ஆய்வாளரின் செயல்முறைகளால் வரையறுக்கப்படும் நிலை. வெளிப்புறத்தில் வேற்றுயிர் வளரவில்லை என்றால் வளர்ப்பு தூயது எனச் சான்றளிக்கப்பட்டது. செல்லுக்குள் உறையும் உயிரை அச்சோதனை தொடவே இல்லை. ஏட்டுச்சுவடியில் மூலத்தோடு கலந்துவிட்ட உரைத்தொடரை, எழுத்தும் மையும் ஒன்றாயிருப்பதால் மூலமாகவே கொள்ளும் இடர்ப்பாடு பதிப்புத்துறை அறிந்ததே. அங்கும் கலப்பு வெளிப்படுவது கண்ணால் அன்று. யாப்பும் சொல்வழக்கும் பொருந்தாத இடத்தை வினவுவதால்தான். இங்கு அப்பொருந்தாமையைக் காட்டியது உணவுத் தேவை.

இரண்டாவது, ‘கண்டுபிடித்தவர் யார், எப்போது’ என்ற வினாவுக்கு இங்கு ஒற்றை விடை இல்லை. 1930களில் விளைவு அளக்கப்பட்டது. 1957இல் வடிவம் காணப்பட்டது. 1962–63இல் இரண்டும் இணைத்துப் பொருள் கொள்ளப்பட்டன. 1974–75இல் சோதனையால் உறுதியாயின. 2011இல்தான் வகைப்பாடு அதற்கேற்ப மாறியது. இவற்றுள் எதை நீக்கினாலும் வரலாறு முழுமை பெறாது. கண்டுபிடிப்பை ஒரு பெயரோடும் ஓர் ஆண்டோடும் பிணைக்கும் பாடநூல் மரபு இத்தகைய நிகழ்வுகளுக்குப் போதாது.

முடிவுரை

காலா அசாரின் கடத்தியைத் தேடிய முயற்சியின் பக்கவிளைவாக அறிமுகமான பூச்சிக் கசையுயிரிகள், செல்லுக்குள் ஓருயிர் மற்றோருயிராய் அமையும் உறவை ஆராயும் களமாக மாறியுள்ளன. அம்மாற்றத்திற்குப் புதிய கருவிகள் துணைசெய்தன. எனினும் திருப்புமுனையாக அமைந்தது, ஓர் ஒட்டுண்ணிக்கு எதிர்பார்த்த தேவை ஏன் இல்லை என்ற வினாவே. இல்லாமையும் ஒரு சான்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. கூட்டுயிரி அறியப்படும் முன் இவ்வினங்களைக் கொண்டு எழுதப்பட்ட உயிர்வேதியியல் முடிவுகளை, எப்பண்பு எவ்வுயிருக்குரியது என்ற நோக்கில் மறுவாசிப்புச் செய்வது இத்துறையின் வரலாற்றாய்வில் எஞ்சியுள்ள பணியாகும். அவ்வாறு செய்கையில் பழைய அளவீடுகளைப் பிழையெனத் தள்ள வேண்டுவதில்லை. அவற்றின் எழுவாய் யார் என்பதை மட்டும் மீண்டும் கேட்டல் வேண்டும்.